நுக்குலோவாவின் பத்தாம் நாள் நிலா

“இன்னுமா அங்கேயே நிக்குது?”

“அங்கேயேதான் மாமா. சர்ச்சு மணிக்கு வலது பக்கம், கறிப்பலா மரத்து உச்சியிலேர்ந்து ரெண்டு சாண்.”

“எத்தன நாளா?”

“ரெண்டு வருஷம் நாலு மாசம்.”

“இங்க ஆக்லாந்துல நேத்துதான்டா அமாவாசை.”

“அது உங்க நிலா மாமா. நான் எங்களோடத சொல்றேன்.”

“சரி, நான் வந்து என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம். அத்தை வீட்டுல உக்காரணும், சாப்பிடணும், கேமராவக் கையில வாங்கிப் பாக்கணும், நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணும். மத்தது தானா நடக்கும்.”

“இதுக்கா பிளேன் டிக்கெட் எடுத்து வரச் சொல்ற?”

“ஒரு வழி டிக்கெட் போதும் மாமா. அத முன்னாடியே சொல்லிடறேன்.”

இப்படிப் பேசியவர்களில் ஒருவர் ஃபெலேட்டி, நுக்குலோவாவின் ஊர் அதிகாரி. மற்றவர் செமிசி, ஆக்லாந்தில் பேருந்து ஓட்டியவர், தீவைப் பன்னிரண்டு வயதில் விட்டுப் போனவர். பேச்சு முடிந்ததும் ஃபெலேட்டி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சர்ச்சு மேட்டிலிருந்து இறங்கினார். மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். இறங்கும்போது பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தார். பகல் பதினோரு மணி வெயிலில் அது வெளிறிப்போய், ஒரு பக்கம் அமுங்கிய ரொட்டி போல, அதே இடத்தில் இருந்தது.

நுக்குலோவாவில் நிலா நின்றது ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணி ஏழு நிமிடத்துக்கு. நேரத்தில் சந்தேகமில்லை, கேமராவில் பதிவாகியிருக்கிறது. படம் எடுத்தவள் லெசியேலி, வயது முப்பத்தொன்று, சர்ச்சு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவள். அடுத்த ஆண்டின் நாட்காட்டியில் கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் போடும் பக்கத்தில் வளரும் தேயும் நிலாவின் படங்களைப் போட வேண்டும் என்று போதகர் ஆசைப்பட்டார். லெசியேலியின் தம்பி ஆக்லாந்திலிருந்து நீல டிரம்மில் மாட்டிறைச்சி டின்களுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் அந்தக் கேமராவை வைத்து அனுப்பியிருந்தான். முதல் வாரம் அவள் எடுத்ததெல்லாம் வெள்ளை மாத்திரை போல வந்தது. தேவாலயப் பாடகர் குழுப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, “தலைவலிக்குப் போடறதா, காய்ச்சலுக்கா?” என்று கேட்டார்கள். பிறகு அவள் உடன் வந்த சிறு புத்தகத்தைப் படித்தாள். ஃபிளாஷை அணைத்தாள், ஒளியைக் குறைத்தாள், இருட்டும்வரை காத்திருக்காமல் வானம் நீலமாக இருக்கும்போதே எடுக்கப் பழகினாள். கவிழ்த்துப் போட்ட படகின் முதுகில் மணல் நிரப்பிய மாவுப் பையை வைத்து அதன்மேல் கேமராவை அழுத்தி உட்கார வைத்தாள். விரல் நடுக்கம் படத்தில் விழாமல் இருக்க, அழுத்திய இரண்டு விநாடி கழித்து அதுவாக எடுக்கும்படி டைமர் வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தும் ஒன்று மட்டும் சரியாகவில்லை. முழு ஜூமில் நிலா திரை நிறைய வந்ததும் நழுவத் தொடங்கும். கேமராவை நகர்த்தி மறுபடி பிடித்து, கூர்மை திருத்தி, விரலை எடுப்பதற்குள் பாதி நிலா திரைக்கு வெளியே போயிருக்கும். அன்று மாலை பத்தாம் நாள் நிலா. நாற்பது தடவை நழுவிய பிறகு அவள், “இருங்க, கொஞ்சம் இருங்க” என்றாள். நிலாவுக்குள் ஒருத்தி உட்கார்ந்து மரப்பட்டைத் துணி தட்டிக்கொண்டிருப்பதால் நாங்கள் அதை மரியாதையாகத்தான் அழைப்போம். டைமர் இரண்டு முறை மினுக்கியது, படம் விழுந்தது. பள்ளங்களும் அவற்றின் நிழல்களும், ஊசி குத்தினால் நுழையும் என்பது போலத் தெளிவாக இருந்தன.

வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக அழித்துவிடுவார்கள் என்று அவள் அந்தப் படத்தைப் பூட்டி வைத்தாள். சாவிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் திரையின் மூலையில் குட்டிச் சாவி ஒன்று தோன்றும், பிறகு படத்தை அழிக்க முடியாது. நுக்குலோவாவில் அதுவரை பூட்டு என்று இருந்தது காணிக்கைப் பெட்டியில் மட்டும்தான். பூட்டியதும் திரும்பி, பின்னால் மணலில் உட்கார்ந்து தாழை ஓலையில் பாய் முடைந்துகொண்டிருந்த கலோலைனே அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “அழகா இருக்கு” என்றார்.

அத்தை அப்படிச் சொன்ன பிறகு செய்வதற்கு ஒன்றுதான் உண்டு. லெசியேலி இரண்டு கைகளாலும் கேமராவை அத்தையின் மடியில் வைத்து, “உங்களோடதுதான் அத்தை” என்றாள். அப்பாவின் அக்கா ஒன்றை அழகு என்றால் அது அவருடையது. கலோலைனே அத்தை, லெசியேலிக்கு மட்டுமல்ல, கணக்குப் பார்த்தால் தீவின் நூற்று அறுபத்து மூன்று பேருக்கும் ஏதாவது ஒரு வழியில் அத்தை. ஆகவே வாழ்நாளில் அவர் எதையும் யோசிக்காமல் புகழ்ந்ததில்லை.

அன்று இரவு யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, கடலில் கால் வைப்பது எங்கள் ஊரில் குற்றம், அதனால் அன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை பள்ளிப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு துறையில் ஒன்பது மணிவரை நின்றார்கள். பெரிய தீவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மைல் மணல். நீர் வற்றும்போது அதில் நடந்துதான் பள்ளிக்கும் மருந்துக்கும் கப்பலுக்கும் போவோம். அன்று நீர் வற்றவில்லை. ஏறுகிற வேகத்தில் ஏறிக்கொண்டே இருந்தது, ஆனால் துறையின் நாலாவது படியைத் தாண்டவும் இல்லை. அப்புறம்தான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

படகில் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போனோம். ஏறும் நீர் எல்லாத் திசையிலிருந்தும் தீவை நோக்கியே ஓடியது. துடுப்புப் போட்டவர்கள் அரை மணி நேரத்தில் புறப்பட்ட இடத்திலேயே, முதுகைக் காட்டியபடி வந்து சேர்ந்தார்கள். மூன்றாம் மாதம் அரசாங்கம் இரட்டை எஞ்சின் படகில் கடல் அளக்கும் அதிகாரிகள் இருவரை அனுப்பியது. வருவதற்கு அவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அந்தப் படகு இப்போது கறிப்பலா மரத்தில் கட்டியிருக்கிறது, கோழிகள் அதில் முட்டையிடுகின்றன. அதிகாரிகளில் ஒருவர் ஃபெலேட்டியின் கொழுந்தியாளைக் கட்டிக்கொண்டார், மற்றவர் தர்பூசணி போடுகிறார், நன்றாகவே வருகிறது. அதன் பிறகு எதிர்க்கரைக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அரிசி, மாவு, மண்ணெண்ணெய், கடிதம் எல்லாவற்றையும் டிரம்மில் அடைத்து நீரில் விட்டால் போதும், தானாக வந்து நாலாவது படியைத் தட்டும். பதிலுக்கு நாங்கள் ஒரு வெற்று டிரம்மைக்கூட அனுப்ப முடியவில்லை. கடற்கரையில் அவை நீலமாகக் குவிந்தன. முழுநிலாவுக்குக் காத்திருக்கும் நில நண்டுகள் வளைக்குள்ளேயே இருந்தன. சர்ச்சு மணியாகத் தொங்கவிட்ட பழைய கேஸ் சிலிண்டரின் நிழல் ஒவ்வொரு இரவும் ஒரே இடத்தில் விழுந்ததில், அந்த அளவுக்குப் புல் வெளுத்துப்போனது. யாரும் சாகவுமில்லை. எங்கள் ஊரில் உயிர் போவது வற்றும் நீரோடுதான். முதியவர் டோமாசி சாகக் கிடந்தபோது நிலா நின்றது, அதன் பிறகு அவர் கிடந்தபடியே இருந்தார். அவருக்குச் செய்த சவப்பெட்டியில் சேனைக்கிழங்கு போட்டு வைத்தார்கள். “எனக்குன்னு செஞ்சதுல கிழங்கு நிம்மதியாத் தூங்குது” என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

மற்றவர்களுக்கு இது தொல்லை. லெசியேலிக்கு அப்படியில்லை. நிலா நின்ற சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் போயிருக்க வேண்டும். நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கும் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விடுதியில் ஆளுக்கொரு அறை என்று கடிதத்தில் இருந்தது. முப்பத்தொரு வயதுவரை அவள் ஒரு முறைகூடத் தனியறையில் தூங்கியதில்லை. அந்த வரியை மடிப்புக் கிழியும்வரை படித்தாள். பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்தாள். தோட்டக்காரர்கள் நல்லவர்கள், அடுத்த ஆண்டும் கடிதம் அனுப்பினார்கள், அதற்கடுத்த ஆண்டும். டிரம்மிலிருந்து எடுத்த கடிதத்தின் கீழே ஒவ்வொரு முறையும் முப்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்கள் என்று இருந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்கு அவள் துறையில் இறங்கி நெஞ்சளவு நீர்வரை நடப்பாள். யாரோ எதிரிலிருந்து உள்ளங்கையால் மெல்லத் தள்ளுவது போல நீர் அவளைப் பின்னுக்குக் கொண்டுவந்து படியில் நிறுத்தும். கோபமில்லாமல், அவசரமில்லாமல் தள்ளும். அவள் பாவாடையைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குப் போவாள். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து துணிகளை வெயிலில் காயவைத்து மறுபடி அடுக்குவாள்.

நிலா எதனால் நின்றது என்பதில் ஊரில் இரண்டு கருத்து இருக்கவில்லை. சாவிப் பொத்தான். அதைத் திரும்ப அழுத்தினால் நிலா விடுபடும். ஆனால் கேமரா அத்தையின் பாய்க்கு அடியில் இருந்தது. அத்தையிடம் கொடுத்ததைத் திரும்பக் கேட்பதற்கு எங்கள் மொழியில் வார்த்தை கிடையாது. ஆண்கள் காவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டு பல இரவுகள் பேசினார்கள். போதகர் தான் வெறும் சகோதரன் மகன் என்றார். கடல் அளக்க வந்த அதிகாரிகள், நாங்கள் வெளியாட்கள், கேட்டுப் பார்க்கட்டுமா என்றார்கள். அவர்களை அமரச் சொன்னார்கள். கடைசியில் ஃபெலேட்டி வம்ச நோட்டை எடுத்து மூன்று வாரம் புரட்டி, அத்தைக்கும் மேலே நிற்கிற ஒருவரைக் கண்டுபிடித்தார். அத்தையின் அப்பாவுக்கு ஓர் அக்கா, அந்த அக்காவின் பேரன், செமிசி. அவர் அழகு என்றால் அத்தையே கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

செமிசி வந்தார். எதிர்க்கரையில் அவர் மனைவியும் நின்றாள். “இரு” என்றார் அவர். “போ” என்றாள் அவள். எங்களிடையே விடைபெறுவது இந்த இரண்டு சொல்தான். போகிறவர் இருக்கச் சொல்வார், இருப்பவர் போகச் சொல்வார், இரண்டும் சேர்ந்தால்தான் அது விடை. பிறகு அவர் ஒரு கதவின்மேல் உட்கார்ந்து மிதந்து வந்தார். நூற்று முப்பது கிலோ இருப்பார். அத்தை வீட்டில் இரண்டு பன்றி வெட்டினார்கள். அத்தை, தன் வாழ்நாளில் முதல் முறையாகத் தன்னைவிட உயர்ந்தவர் வீட்டுக்கு வருகிறார் என்று, ஆறு தலைமுறைப் பழைய மெல்லிய பாயை எடுத்து விரித்தார். துக்கத்துக்கும் முடிசூட்டுக்கும் மட்டும் விரிக்கிற பாய் அது, பட்டுபோல இருக்கும். செமிசி அதில் உட்கார்ந்தார். ஃபெலேட்டி இரண்டு முறை தொண்டையைச் செருமி, “அந்த நிலாப் படத்த மாமாவுக்குக் காட்டலாமே அத்தை” என்றார். அத்தை கேமராவை எடுக்கக் கையை நீட்டினார். அந்த நேரத்தில் செமிசி, சின்ன வயதில் அம்மா சொல்லக் கேட்ட பாய் இதுதான் என்று நினைவு வந்து, ஓரத்தைத் தடவி, “அடேயப்பா, என்ன பாய் இது” என்றார்.

அத்தை அவரை எழச் சொல்லி, பாயை மடித்து, இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தார்.

ஒரு வருகைக்கு ஒன்றுதான் புகழலாம். இரண்டாவதைப் புகழ்ந்தால் கொள்ளைக்காரன் என்பார்கள். இன்னொன்று வேண்டுமானால் போய்விட்டு மறுபடி வர வேண்டும். செமிசியால் போக முடியாது. ஆகவே அவருடைய முதல் வருகை இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. ஃபெலேட்டி பின்வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது செமிசி பாயைத் தோளில் போட்டபடி பக்கத்தில் வந்து, “மன்னிச்சுக்கடா. ஆனா பாய் உண்மையிலேயே நல்லா இருந்துச்சு” என்றார். தீவில் பேருந்து இல்லாததால் அவர் டிரம்களை அடுக்கும் வேலையைப் பார்க்கிறார்.

மூன்றாம் ஆண்டு முடிந்த ஒரு மதியம், யாரும் கேட்காமலே, அத்தை லெசியேலியைக் கூப்பிட்டுப் பாய்க்கு அடியிலிருந்து கேமராவை எடுத்து நீட்டினார். “எல்லாரும் இதுக்குத்தானே பல்லைக் கடிச்சிட்டு இருக்கீங்க. இந்தா, தொறந்து பாரு” என்றார். பேட்டரி முழுதாக இருந்தது. சனிக்கிழமைதோறும் அத்தை அதைச் சூரியத் தகட்டில் போட்டு வைத்திருந்தார். ஊர் முழுக்கத் துறையில் கூடியது. டோமாசியைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். லெசியேலி பெட்டியோடு நின்றாள். சாவிப் பொத்தானை அழுத்தினாள், மூலையிலிருந்த குட்டிச் சாவி மறைந்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். நிலா நகரவில்லை. அவள் படத்தையே அழித்தாள். நிலா நகரவில்லை. நீர் வந்து நாலாவது படியைத் தட்டிக்கொண்டிருந்தது. “என்னை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்கப்பா, பசிக்குது” என்றார் டோமாசி. எல்லோரும் போய்ச் சமைத்தார்கள்.

அன்றிலிருந்து ஊர் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. பெரிய தீவுப் பள்ளியின் ஆசிரியை ஒருத்தி தானாகவே மிதந்து வந்து சர்ச்சு மண்டபத்தில் வகுப்பு வைத்தாள். வலை போட வேண்டிய அவசியமில்லாமல் மீன் கரைக்கு வந்தது. இரவில் விளக்கு தேவைப்படவில்லை. ஆண்டின் கடைசி வெள்ளிக்கிழமை அத்தை தாழை ஓலையோடு கவிழ்த்த படகடிக்கு வந்து உட்கார்ந்தார், அவர் வழக்கமாக உட்காரும் இடம் அது. அந்த இடத்தில் நின்றுதான் தன் சகோதரர்களின் பிள்ளைகள் பதினொரு பேருக்கு அவர் ஒவ்வொருவராக விடை கொடுத்தார். மணலில் நடந்து அவர்கள் எறும்பளவு ஆகும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். பதினொரு முறையும் ‘போ’ என்று, இரைந்து சொல்லாமல், கேட்கிற அளவுக்குச் சொன்னார். பதினொரு பேரில் திரும்பி வந்தவர் இல்லை, டிரம்தான் வந்தது. அந்த வீட்டில் மிச்சமிருந்தவள் லெசியேலி மட்டும்.

லெசியேலி அன்று நாட்காட்டிக்காக வந்திருந்தாள். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே நிலாவைப் போட்டுவிடலாம் என்று போதகர் முடிவு செய்திருந்தார். அழித்த படத்துக்குப் பதில் இன்னொன்று எடுப்பது சிரமமே இல்லை. நுக்குலோவா நிலாவைப்போல் படம் எடுக்கச் சுலபமான நிலா உலகத்தில் கிடையாது, திரையை விட்டு நழுவாது. மணல் பையின்மேல் கேமராவை வைத்தாள், ஜூமை நீட்டினாள், கூர்மை திருத்தினாள். அன்று காலை டிரம்மில் வந்த கடிதம் மேல்சட்டைக்குள் இருந்தது. வரும் நவம்பரில் அவளுக்கு முப்பத்தைந்து, இதுதான் கடைசிக் கடிதம். பொத்தானை அழுத்தும்போது, தேவையே இல்லாமல், பழக்கத்தில், “இருங்க, கொஞ்சம் இருங்க” என்றாள்.

பின்னால் ஓலை உரசும் சத்தம் நின்றது.

அவள் அசையவில்லை. டைமர் இரண்டு முறை மினுக்கியது. மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சனிக்கிழமையும் இதே இடத்தில், இந்த வார்த்தைக்குப் பிறகு, அந்தச் சத்தம் இப்படித்தான் நின்றது என்பது அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. அன்றும் சட்டைக்குள் கடிதம் இருந்தது. செவ்வாய்க்கிழமை போகப்போகிற ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு, இருங்க என்று சொன்னாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அதைக் கேட்டார். பதில் சொல்லவில்லை. ‘போ’ என்பதற்குப் பதிலாக, வெகுநேரம் கழித்து வேறொன்றைத்தான் சொன்னார், அழகாக இருக்கிறது என்று.

லெசியேலி கேமராவை அணைத்தாள். வீட்டுக்குப் போய்க் கதவோரமிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தை ஓலையை மறுபடி எடுத்திருந்தார், ஆனால் விரல்கள் ஒரே மடிப்பைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தன. அவள் எதிரில் மணலில் மண்டியிட்டு, அத்தையின் தலைக்கு மேலே தன் தலை உயராதபடி குனிந்துகொண்டாள்.

“அன்னிக்கு நான் நிலாகிட்டத்தான் சொன்னேன் அத்தை.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“ரெண்டாவது நாள்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள தண்ணி நின்னுடுச்சு.” அத்தை ஓலையின் நுனியைப் பல்லால் கிழித்தார். “நல்லாத்தானே இருக்க? மீனு வருது, அரிசி வருது.”

“வருது அத்தை.”

“இன்னிக்குக் கருவாட்டுக் குழம்பா, கீரையும் தேங்காப்பாலுமா?”

நீர் நாலாவது படியைத் தட்டியது. தூரத்தில் செமிசி ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு போனார், தோளில் பாய். மாலை ஐந்து மணி வெயிலில் நிலா கறிப்பலா மரத்துக்கு இரண்டு சாண் மேலே, அதன் இடத்தில் இருந்தது. அவள் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள்.

“இருங்க அத்தை” என்றாள், இந்த முறை அத்தையின் முகத்தைப் பார்த்து.

அத்தை ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருங்க அத்தை. நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. ஒரு வார்த்தைதான்.”